அணையைச் சுற்றிலும் இறக்கம்

செம்மாண்டி அணையைச் சுற்றிப் போகும் மலைசைக்கிள் பாதை முழுக்க முழுக்க இறக்கம்தான் என்பதை முதலில் கண்டுபிடித்தது ஓர் எலுமிச்சம்பழம். திறப்பு விழாவன்று, மதகுக்குப் பக்கத்தில், மாலை போட்டு நிறுத்தியிருந்த ஏழு சைக்கிள்களின் முன்சக்கரத்தடியிலும் ஆளுக்கொரு பழம் வைத்துக் கற்பூரம் காட்டி ஒன்றியத் தலைவர் கொடியசைத்தபோது ஆறு பழங்கள் ஒழுங்காக நசுங்கின, ஏழாவது மட்டும் டயருக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் பாதையில் உருண்டு, வேலமரத்து வளைவில் திரும்பி, எல்லோர் கண்ணிலிருந்தும் மறைந்தது. தலைவர் பேசினார், துணைத்தலைவர் பேசினார், பேச வேண்டாம் என்று சொல்லி அழைத்து வரப்பட்டிருந்த மூன்று பேரும் பேசினார்கள், இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் வேளையில் அந்தப் பழம், போன திசைக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து, மேலெல்லாம் புழுதி பூசிக்கொண்டு வந்து தலைவரின் குதிகாலில் முட்டி நின்றது.

“ஏப்பா, யாரு எலுமிச்சம்பழத்தை உருட்டி உட்டு வெளையாடறது?” என்றார் தலைவர். அவர் காலைத் தூக்கினார், பழம் மறுபடி புறப்பட்டுப் போய்விட்டது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. நகரத்து சைக்கிள் சங்கத்தார் வந்து அணையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டருக்குச் சிவப்புக் கொடி நட்டு, பாறைக்கு நடுவே, மணலுக்கு நடுவே, ஊசிமலையின் அடிவாரத்தில் ஏறி இறங்கி ஒரு பாதை வேண்டும் என்று கேட்டு, அதை வெட்டும் வேலை நூறுநாள் வேலைக்காரப் பெண்களிடம் வந்தபோது அந்தக் குழுவுக்குப் பொறுப்பாளர் நவமணி. நாற்பத்திரண்டு வயது, வயலுக்குத் தண்ணீர் கட்டியே காய்த்துப்போன கை. “மேடு பள்ளம் இருக்கட்டும், அதுதான் இந்த விளையாட்டு” என்று சங்கத்தார் சொன்னதை அவள் காதில் வாங்கினாளே தவிர மனதில் வாங்கவில்லை. வாய்க்கால் வெட்டிப் பழகியவளுக்கு மேடும் பள்ளமுமாக ஒரு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்குமா?

“வாட்டமில்லாத வேலை ஒரு வேலையாக்கா? மழை பேஞ்சாத் தண்ணி நிக்கும், கொசு புடிக்கும், ஊரே நம்மளை நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசும்” என்று தன் கூட்டத்திடம் சொல்லிவிட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை ஒரு முனையில் தானும் மறுமுனையில் இன்னொருத்தியுமாகப் பிடித்து, பத்தடிக்கு மூன்று விரக்கடை, மூன்று விரல் அகலம், பத்தடிக்கு மூன்று விரக்கடை என்று தண்ணீர் ஓடுவதற்கு வேண்டிய சரிவைக் கொடுத்துக்கொண்டே போனாள். பாறையிலும் கொடுத்தாள், மணலிலும் கொடுத்தாள், வெயிலிலும் கொடுத்தாள், தூறலிலும் கொடுத்தாள், தொண்ணூற்றாறு நாள் கொடுத்துக்கொண்டே போய், கடைசிப் பத்தடிக்கும் மூன்று விரக்கடை கொடுத்து, புறப்பட்ட மதகடிக் கல்லிலேயே கொண்டுபோய்ப் பாதையைச் சேர்த்தாள். இது நடக்காத காரியம் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. மண்ணுக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எங்கள் பக்கத்துக்காரர்கள் ஆச்சரியப்படுவதில் கொஞ்சம் சோம்பேறிகள். அணையைச் சுற்றி நல்லிபாளையம், கோடாங்கிப்புதூர், ஆலாம்பாறை என்று மூன்று ஊர், மூன்று ஊரும் ஒரு வாரம் வியந்தன, எட்டாம் நாள் அவரவர் வசதியைப் பார்க்கப் போய்விட்டன. பால்காரர்கள் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு மிதி மிதிக்காமல் மூன்று ஊருக்கும் ஊற்றி வீடு திரும்பினார்கள். நல்லிபாளையத்துப் பெண்ணை ஆலாம்பாறையில் கட்டிக்கொடுக்கும்போது, பிறந்த வீட்டிலிருந்து போவதும் இறக்கம், பிறந்த வீட்டுக்கு வருவதும் இறக்கம், இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று தரகர்கள் அளந்தார்கள். வலமாகப் போனால் இறக்கம் என்றால் இடமாகப் போனால் ஏற்றம் என்பது சொல்லாமலே விளங்கும், பதினாலு கிலோமீட்டரும் மூச்சு முட்டும் ஏற்றம், முடியும்போது புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள். அந்தப் பக்கத்தை எதிர்வாட்டம் என்றோம். வேண்டுதல் உள்ளவர்களும், பஞ்சாயத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களும், இன்னும் கொஞ்சநேரம் பேசிக்கொண்டே நடக்கலாமே என்று நினைத்த காதலர்களும் மட்டும் அந்தப் பக்கம் போனார்கள்.

சங்கடங்களும் இல்லாமலில்லை. கடையில் உப்பு வாங்க மறந்து பத்தடி தாண்டிவிட்டால், திரும்பிப் பத்தடி ஏறுவதற்குச் சோம்பல்பட்டுப் பதினாலு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வந்து உப்பு வாங்கினவர்கள் உண்டு, அவர்கள் பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். முதல் மழை பெய்தபோது பாதையில் விழுந்த தண்ணீர் எங்கே போய் முடிவது என்று தெரியாமல் மூன்று நாள் அணையைச் சுற்றிச் சுற்றி ஓடியது, கோடாங்கிப்புதூரில் காலையில் நழுவவிட்ட செருப்பு மத்தியானம் அதே வாசலுக்குத் திரும்பி வந்தது. ஊசிமலையிலிருந்து தண்ணீர் குடிக்க இறங்கிய யானைகள்கூட வலமாக மூன்று சுற்று நடந்துபார்த்துவிட்டு, திருப்தியாக மலைக்குப் போயின. அந்த எலுமிச்சம்பழம் மட்டும் நிற்கவே இல்லை. வாடவும் இல்லை, அழுகவும் இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. “எலுமிச்சை போயிருச்சா?” என்று கேட்டுத்தான் எங்கள் பெண்கள் உலை வைத்தார்கள்.

பாதை கேட்டபோதே வாக்குக் கொடுத்திருந்தபடி சைக்கிள் சங்கத்தார் பந்தயம் வைத்தார்கள். ஆறு மாதம் பயிற்சி எடுத்து, உடம்பில் ஒட்டிய சட்டை போட்டு, எலும்பும் நரம்புமாக வந்திருந்த முப்பது பேரோடு எங்கள் மிட்டாய்க்கடை நாச்சிமுத்துவும் கேலிக்குக் கலந்துகொண்டார், நூற்றுப் பதினெட்டு கிலோ, கடைக்கு மைதா மூட்டை ஏற்றி வரும் பழைய சைக்கிள். இறக்கத்தில் கனமானதுதான் முந்தும் என்பதை உருளைக்கிழங்கு மூட்டை இறக்கின எவனும் சொல்வான். நாச்சிமுத்து ஒரு கையில் முறுக்கு தின்றுகொண்டே எல்லோரையும் தாண்டி முதலாவதாக வந்து நின்று, “அடுத்தது எப்பங்க?” என்று கேட்டார். இரண்டாவதாக வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார், தலைக்கவசத்தைக் கழற்றினார், “இது சைக்கிளிங்கே இல்லை” என்று சொல்லி, தடித்த டயரும் அழுத்தினால் அப்படியே நிற்கும் பிரேக்குமாக இருந்த தன் மலைசைக்கிளைப் பக்கத்தில் நின்ற நவமணியின் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். அவர் கோபம் ஆறித் திரும்பி வருவார் என்று ஒரு மாதம் பார்த்தோம், வரவில்லை.

நவமணிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் பாதையோரத்தில் இருந்த அவள் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது, கட்டிலில் சென்னியப்பன் இருந்தான்.

சென்னியப்பன் அவள் புருஷன். மூன்று ஊர்த் தோப்புகளுக்கும் ஏறித் தேங்காய் போட்டவன், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் சொன்னதைக் கேட்காமல் போயின. முதல் வருஷம் பார்க்க வந்தவர்கள் பழம் வாங்கி வந்தார்கள், இரண்டாம் வருஷம் வெறுங்கையோடு வந்தார்கள், மூன்றாம் வருஷம் நவமணியிடம் தெருவில் விசாரித்ததோடு சரி. பேச்சுக்காரனாக இருந்தவன், பேச ஆளில்லாமல் கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணி, எண்ணி முடித்து, எண்ணுவதையும் விட்டுவிட்டான். சைக்கிளைப் பார்த்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி.

“அம்மிணி, அந்தப் பாதையில எங்கயுமே மிதிக்க வேண்டியதில்லைன்னு சொன்னியே, நெசமா?”

“நெசந்தானுங்க.”

“ஒரு மிதிகூட?”

“ஒரு மிதிகூட வேண்டாமுங்க. நாந்தான வாட்டங் குடுத்தேன், எனக்குத் தெரியாதா?”

மறுநாள் காலை அவனைத் தூக்கி உட்காரவைத்து, கால் வழுக்காமலிருக்கப் பழைய சேலைக் கிழிசலால் பாதங்களை மிதிகட்டையோடு கட்டி, நவமணி சைக்கிளை வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாள். “உடு” என்றான். அவள் விட்டாள். ஐம்பது நிமிஷம் அவள் வாசலிலேயே நின்றாள், கும்பிடாத சாமியில்லை, பிறகு மேற்கு வளைவில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது, அதன் பின்னால் சென்னியப்பன் வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். காற்றினால் என்று சொன்னான். “மொதல்ல மரத்துலருந்து எறங்குனப்ப ரொம்ப வெரசா எறங்கிப்போட்டேன் அம்மிணி. இப்பத்தான் எறங்கறதுன்னா என்னன்னே தெரியுது.”

காலை ஊன்றி நிற்க முடியாதவன் எங்கேயாவது கையூன்றித்தானே நிற்க வேண்டும்? ஊர் அதைப் பற்றிக் கூட்டம் போடவில்லை, தீர்மானம் போடவில்லை. டீக்கடைக்காரர் தன் கடை முன்னால் தோளுயரத்துக்கு ஒரு கல்லை நட்டார், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்தபடியே சென்னியப்பன் டீ குடித்தான். அதைப் பார்த்து நாச்சிமுத்து ஒரு கல் நட்டார், ரேஷன் கடைக்காரர் ஒன்று, பால் சொசைட்டியில் ஒன்று, முடிவெட்டும் கடையில் ஒன்று என்று பாதை நெடுக சென்னியப்பன் கற்கள் முளைத்தன. மலைசைக்கிளுக்குப் பின்னால் ஒரு கேரியரும் முன்னால் மணியும் வெல்டிங் வைத்தார்கள், அந்த நகரத்துக்காரர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, மறந்துவிட்டு வந்த சாவி, யார் வீட்டில் யாருக்குச் சண்டை என்ற செய்தி, எல்லாம் கேரியரில் ஏறின. தினமும் சாயங்காலம் ஆறாவது சுற்றில் நவமணி வாசல் கல்லருகே நின்று, வந்தவனைக் கட்டிப் பிடித்து இறக்கி, உள்ளே தூக்கிப்போவாள். பாதையை வெட்டியவள் அவள்தான், ஆனால் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. அவளும் ஏறிவிட்டால் வாசலில் நின்று அவனை யார் இறக்குவது?

கட்டிலைத் தூக்கி வெயிலில் போட்டு, அதில் மிளகாய் காயவைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பாதைக்கு ஒரு பொறியாளர் வந்தார். திருமாறன் என்று பெயர், இருபத்தாறு வயது, கடலோர மாவட்டத்துக்காரர், மூக்கு நுனியிலிருந்து வானம் வரைக்கும் ஒரே மட்டமாக இருக்கும் ஊரில் பிறந்தவர், அதனால் சரிவென்றாலே அவருக்கு ஒரு சந்தேகம். பாதையை ஒன்றிய அலுவலகத்தின் பொறுப்பில் சேர்க்க வேண்டுமானால் மட்டக்கருவி வைத்து மதகடிக் கல்லிலிருந்து அளந்துகொண்டே போய், மறுபடி அதே கல்லில் வந்து அளவுப் புத்தகத்தை முடிக்க வேண்டும். கிளம்பின உயரமும் வந்து சேர்ந்த உயரமும் ஒன்றாக இருந்தால் புத்தகம் முடிந்தது என்று அர்த்தம். அவர் நான்கு நாள் அளந்தார். வந்து சேர்ந்த கல், கிளம்பின கல்லைவிட இருநூற்று அறுபத்திரண்டு மீட்டர் கீழே இருந்தது. இரண்டும் ஒரே கல்.

மறுபடி அளந்தார், இருநூற்று அறுபத்திரண்டு. மூன்றாம் முறை, தூக்கமில்லாத கண்ணோடு, இருநூற்று அறுபத்திரண்டு. அவருக்கு அளவுகோல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்த நவமணி சொன்னாள், “தப்புன்னா ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு மாதிரி வருமுங்க தம்பி. ஒரே மாதிரி வந்தா அது தப்பில்லீங்க.”

திருமாறன் பத்தடிக்கு மூன்று விரக்கடையைப் பதினாலு கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பார்த்தார். “அக்கா, நீங்க கொடுத்த சரிவுல ஒரு விரக்கடைகூடப் பிசகல. இந்த மாதிரி வேலையை நான் படிச்ச காலேஜ்லயும் பார்த்ததில்லை. ஆனா புத்தகம் முடியலையே, நான் என்ன செய்வேன்?”

முடியாத புத்தகத்தை அவர் உள்ளபடியே மேலே அனுப்பினார், பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. பதில் வெள்ளிக்கிழமை வந்தது. அளவு முடியவில்லை என்றால் வேலை தவறு, தவறான வேலையை ஜேசிபி வைத்து வெட்டி நிரப்பி முறைப்படி மேடு பள்ளமாக்க வேண்டும், திங்கட்கிழமை காலை மேலதிகாரி நேரில் வருகிறார். திருமாறன் அந்தக் கடிதத்தை டீக்கடையில் வாசித்தபோது சென்னியப்பன் கல்லைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு இரண்டு சுற்று மிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

நவமணி அவனை இறக்கும்போது அவன் வாசலைப் பார்த்துச் சொன்னான், “கட்டலை வெய்யல்ல போடாத அம்மிணி. கயிறு இத்துப்போகும். மறுபடியும் வேணுமில்ல.”

அவள் மிளகாயை முறத்தில் அள்ளினாள், கட்டிலைத் தட்டினாள், உள்ளே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் போட்டாள், போட்டுவிட்டு அந்த இடத்தைப் பார்க்கச் சகிக்காமல் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு நேரே திருமாறன் தங்கியிருந்த அறைக்குப் போனாள்.

“தம்பி, அந்தப் புஸ்தகத்துல என்னதான் எழுதியிருக்குது, படியுங்க.”

அவர் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் அச்சடித்திருந்த விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஏழாவது விதி, போன அளவும் திரும்பிய அளவும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்றது.

“திரும்பிய அளவுன்னா என்னங்க தம்பி?”

“போன வழியே திரும்பி அளந்துக்கிட்டு வர்றது, அக்கா. இங்க அது தேவைப்படலை. பாதைதான் சுத்திக் கிளம்பின இடத்துக்கே வந்துடுதே.”

“வந்துருதுங்க. ஆனாத் திரும்பலையே?” என்றாள் நவமணி. “நாம மூணு தடவையும் வாட்டத்துப் பக்கமாத்தான போனோம். எதிர்வாட்டத்துல ஏறி அளந்தா?”

திருமாறன் அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். எழுந்து காலில் செருப்பை மாட்டினார். பிறகுதான் கணக்கு நினைவுக்கு வந்தது. இறக்கத்தில் நான்கு நாள் பிடித்த வேலை, ஏற்றத்தில், இரண்டே நாளில்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். எதிர்வாட்டத்தில் அதுவரை ஒரே மூச்சில் முழுச்சுற்று முடித்தவர்கள் எண்ணி நாலு பேர், அவர்களும் வேண்டுதல்காரர்கள். அன்றைக்கு மூன்று ஊரும் ஏறியது. ஒருவர் முக்காலியைத் தூக்கினார், ஒருவர் கருவிக்குக் குடை பிடித்தார், பாதை வெட்டிய பெண்கள் முறைவைத்து முன்னால் ஓடிக் கல்லடுக்கிக் கருவி நிற்கும் இடத்தைச் சரிசெய்தார்கள், நாச்சிமுத்து அரை கிலோமீட்டர் ஏறிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து, “நீங்க போங்க, நான் இங்கருந்து பாத்துக்கறேன்” என்றார். அளவுகோலை மட்டும் நவமணி யாரிடமும் கொடுக்கவில்லை. சென்னியப்பன் எதிர்வாட்டத்தில் வர முடியாதே, அவன் வழக்கம்போல வலமாகவே சுற்றினான், கேரியரில் மோர்க்கேனும் புளிசாதமுமாக. ஏறுகிறவர்கள் அவனை எதிரே சந்தித்தார்கள், அவன் பிரேக்கைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக் கேனை நீட்டுவான், யாராவது பிடுங்கிக்கொண்டு காலிக் கேனை மாட்டிவிடுவார்கள், அவன் போய்விடுவான், அடுத்த சந்திப்புக்கு முக்கால் மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆலாம்பாறைச் சரிவில், இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது நவமணியால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. அளவுகோலைக் கட்டிக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தாள். ஆறு வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள், யார் சொல்லியும் கேட்கவில்லை. அப்போது மேலேயிருந்து சென்னியப்பன் வந்தான். அந்த இடத்தில் கல் கிடையாது, அவனால் நிற்க முடியாது.

“ஏன் அம்மிணி அழுகறே?” என்று கேட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டான். வளைவிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. “இரு, சுத்தி வந்தர்றேன்!”

அவன் பதினாலு கிலோமீட்டர் சுற்றி வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தாள். அவன் பக்கத்தில் வரும் அந்த நொடிக்காகச் சொல்ல வேண்டியதைத் தயாராக வாயிலேயே வைத்திருந்தாள்.

“உங்களை மறுக்கா அந்தக் கட்டல்ல படுக்க வெச்சுருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க!”

அவன் காதில் விழுந்தது, ஆனால் பதில் வருவதற்குள் இறக்கம் அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சுற்று முழுவதும் அவன் யோசித்தான். டீக்கடையில் நிற்காமல் யோசித்தான், ரேஷன் கடையில் நிற்காமல் யோசித்தான், தைரியமாக நாலு வார்த்தை, கடவுள் இருக்கிறார் என்கிற மாதிரி, கட்டில் என்ன புதுசா என்கிற மாதிரி, வேடிக்கையாக ஏதாவது, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பாதையில் உதிர்த்துக்கொண்டே வந்தான். நவமணி அளவுகோலை நிமிர்த்திப் பிடித்திருந்தாள், ஏறுகிற கூட்டம் முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. அவன் வந்தான்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குது அம்மிணி” என்றான், போய்விட்டான்.

இதில் என்ன தைரியம் இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் நவமணியின் முகம் தெளிந்துவிட்டது. ஆறு வருஷமாக அவள் ஒருத்தியாகவே பயந்துகொண்டிருந்திருக்கிறாள், பாவம். அதன்பிறகு அவள் நடந்த நடைக்கு முக்காலி தூக்கினவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மதகடிக் கல்லில் கடைசி அளவை எழுதினார்கள். போனது இருநூற்று அறுபத்திரண்டு மீட்டர் இறக்கம், திரும்பியது இருநூற்று அறுபத்திரண்டு மீட்டர் ஏற்றம். திருமாறன் கூட்டிப் பார்த்தார், மூன்று முறை கூட்டினார், பேனாவை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஜேசிபியும் அதன் பின்னால் ஜீப்பும் வந்தன. மேலதிகாரி அம்மா ஐம்பத்தெட்டு வயதுக்காரர், ஓய்வுபெற நாலு மாதம் பாக்கி, முப்பது வருஷமாகப் புத்தகங்களை முடித்தவர். மதகடியில் மேசை போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரல் வைத்து வாசித்தார். மூன்று ஊரும் சுற்றி நின்றது. அந்த நேரம் பார்த்து எலுமிச்சம்பழம் மேற்கு வளைவில் வந்து, ஜீப்புக்கும் ஜேசிபிக்கும் நடுவில் புகுந்து, அம்மாவின் கால் பக்கமாகப் போய்க் கிழக்கே மறைந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தார். டீ வந்தது, குடித்தார். இரண்டு மணி நேரம் சாவதானமாக வேறு கேள்விகள் கேட்டார், பாலம் பற்றி, கரை பற்றி, மீன் பற்றி. எலுமிச்சம்பழம் மறுபடி மேற்கிலிருந்து வந்ததும் கேள்விகளை நிறுத்தினார்.

“போன அளவும் திரும்பின அளவும் சேர்ந்தா பூஜ்யம் வருது” என்றார்.

“வருதுங்க மேடம்” என்றார் திருமாறன்.

“விதி அவ்வளவுதானே கேக்குது.” அவர் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் வைத்தார், பிறகு ஜேசிபி டிரைவரைப் பார்த்து, வந்தது வந்தாய், மதகு ஓரம் கருவேல முள்ளையாவது வழித்துவிட்டுப் போ என்றார். ஜீப்பில் ஏறும்போது நாச்சிமுத்துவைத் தனியாக அழைத்து, வாடகைக்கு சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாராம், சொன்னது நாச்சிமுத்து, அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

நவமணி வீட்டுக்கு ஓடினாள். கட்டிலை உள்ளேயிருந்து இழுத்து வந்து வாசல் வெயிலில் போட்டாள், முறத்து மிளகாயைக் கவிழ்த்து, கை எரிய எரியப் பரப்பினாள். சென்னியப்பன் வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏறு” என்றான்.

“எங்கீங்க?”

“கேரியர்ல. நீ வெட்டுன பாதைய நீயே பாத்ததில்லையே அம்மிணி. மண்ணைத்தான பாத்தே?”

அவள் தெருவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், ஆறு வருஷமாக அவனைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தன் தோளைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். அவன் கல்லை விட்டான். கனம் இரட்டித்ததால் சைக்கிள் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடியது, டீக்கடை ஓடியது, ஊசிமலை ஓடியது, அணைத் தண்ணீரில் குந்தியிருந்த நீர்க்காகங்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. தான் அழுத ஆலாம்பாறைச் சரிவைத் தாண்டும்போது நவமணி சிரித்தாள், யாருக்கும் கேட்காது என்று நினைத்து உரக்கவே சிரித்தாள். மூன்று ஊருக்கும் கேட்டது.

மேற்கு வளைவு வந்தது, வீட்டு வாசல் தெரிந்தது, கட்டிலில் மிளகாய் சிவப்பாகக் கிடந்தது. வாசல் கல்லருகே கையை நீட்டிக்கொண்டு யாரும் நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஐயோ, நானும் ஏறிட்டனே! நம்மள யாருங்க புடிச்சு எறக்கறது?”

சென்னியப்பன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தான்.

“எறங்கறது யாரு?” என்றான்.